ஓடாத இன்ஜினின் சத்தம்

எங்கள் மோட்டார் கொட்டகையின் உட்சுவர் முழுக்க நிழல்கள் இருந்தன. ஸ்பேனரின் நிழல், சுத்தியலின் நிழல், கிரீஸ் துப்பாக்கியின் நிழல், மண்வெட்டியின் நிழல். வெள்ளையடித்த சுவரில் கறுப்புப் பெயிண்டால் என் நாத்தனார் வரைந்தவை அவை. ஒவ்வொரு உருவத்துக்கும் மேலே ஓர் ஆணி. கருவி ஆணியில் தொங்கும்போது நிழல் மறைந்திருக்கும். யாராவது எடுத்துப் போனால் அதன் கறுப்பு உருவம் மட்டும் சுவரில் நிற்கும். அவர் அதை வரைந்த புதிதில் அந்தக் கொட்டகைக்குள் தனியாகப் போக எனக்குத் தயக்கமாக இருந்தது. பட்டப்பகலில்கூட, போனவர்கள் இன்னும் திரும்பவில்லை என்று அந்தச் சுவர் சொல்லிக்கொண்டே இருப்பது போலத் தோன்றும். நாத்தனாருக்கோ அது வெறும் ஒழுங்கு. "எது காணோம்னு தேடவே வேணாம் பாரு. செவுரே சொல்லிடும்" என்பார்.

அவர் என் கணவருக்கு ஆறு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில், மேல்தோல் தைக்கும் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்து, ஒரு லைனுக்கே சூப்பர்வைசராக இருந்தவர். மாமனார் இறந்தபோது நிலத்தைக் குத்தகைக்கு விடுவதென்றுதான் பேச்சு. என் கணவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு வருவார். நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நாத்தனார் யாரையும் கேட்காமல் ஃபேக்டரியில் கணக்கு முடித்துவிட்டு, ஒரு பையில் துணியும் இன்னொரு பையில் ஸ்பேனர் செட்டுமாக வந்து இறங்கினார். நிலத்தைக் கெடுத்தது மழையும் இல்லை, மண்ணும் இல்லை. இருக்கிற மிஷினை யாரும் திரும்பிப் பார்க்காததுதான் என்பது அவர் கட்சி. "அங்க ஒரு தையல் மிஷினு அஞ்சு நிமிசம் நின்னா மேனேஜர் ஓடி வருவாரு. இங்க மோட்டாரு அஞ்சு நாளா முக்கிக்கினு கெடக்குது, ஒருத்தன் எட்டிப் பாக்கல" என்று வந்த அன்றே திட்டினார்.

ஃபேக்டரியில் செய்ததை எல்லாம் அவர் தென்னந்தோப்புக்குக் கொண்டுவந்தார். மோட்டார், பவர் டில்லர், முதுகில் மாட்டும் பெட்ரோல் ஸ்பிரேயர் என்று ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. என்றைக்கு எண்ணெய் மாற்றினது, என்றைக்கு ஃபில்டர் கழுவினது, அடுத்து எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஸ்பிரேயரை மருந்து அடித்த கையோடு வைத்துவிட முடியாது. நல்ல தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டுத்தான் ஆணியில் மாட்ட வேண்டும். கிணற்றிலிருந்து வரும் குழாயில் தேவையில்லாமல் இருந்த மூன்று வளைவுகளை எடுத்துவிட்டு நேராகப் போட்டார். குழாயின் அடிமுனையில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்க வேண்டிய ஃபுட் வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது; அதை மாற்றினார். அதுவரை கரண்ட் இருக்கும் நேரம் முழுக்க இறைத்தும் கடைசி இரண்டு வரிசைத் தென்னைக்குத் தண்ணீர் எட்டாது. இப்போது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தோப்பு முழுக்க நனைந்துவிட்டது. வேலையாட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு தங்கள் அரிவாள்களையும் கொண்டுவந்து அந்தச் சுவரில் இடம் கேட்டார்கள்.

அவருடைய காதுதான் எனக்கு ஆச்சரியம். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடும் மோட்டாரின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நான் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போலவே இருக்கும். "பேரிங் போவுது. இன்னும் பத்து நாளு தாங்கும்" என்று சொன்னால் பத்தாவது நாளோ பதினோராவது நாளோ அது போய்விடும். பேருந்தில் போகும்போதும், சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கும்போதும்கூட அவர் முகம் திடீரென்று சுளிக்கும். எங்கோ ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் அந்தக் காதை நான் கொஞ்சம் பயத்தோடு கவனிக்கத் தொடங்கியது, தண்ணீர் மாறிய பிறகுதான். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் இடங்கள் பெருகப் பெருக எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்தன. மோட்டாருக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பித்தளைச் சக்கரத்தை ஒருமுறை கழற்றி என்னிடம் காட்டினார். புழு தின்ற இலை மாதிரி ஓரமெல்லாம் பொத்தல். புதிதாகப் போட்டது அதைவிடச் சீக்கிரம் அரித்துப்போனது. அரிக்கப்பட்ட சக்கரங்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தார். ஒன்றைவிட அடுத்தது மெலிந்திருக்கும். அந்தக் கோடையில் கிணற்றுத் தவளைகள் காணாமல் போயின. உச்சி வெயிலில் மோட்டார் ஓடாத நேரத்தில் கிணற்றின் விளிம்பில் நின்றால், அழுகிய முட்டை வாடை ஒன்று மெல்ல எழுந்து, பிறகு இறங்கிவிடும். கிணறு மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். அவர் அங்கே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "இன்னாக்கா கேக்குது?" என்றால், "ஒண்ணும் கேக்கல. அதான் பேஜாரா இருக்குது" என்பார்.

அப்போதுதான் கிணற்றுக்குள் யார் இறங்குவதானாலும் முதலில் எரியும் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. தண்ணீர் மட்டம் கீழே போய்விட்டதால் அந்நாளில் பலரும் ஆயில் இன்ஜினையே கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் உள்ள மேடையில் இறக்கி வைத்திருந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரரும் அப்படித்தான் வைத்திருந்தார். மேடையில் நின்று ஹேண்டிலைச் சுற்றி ஸ்டார்ட் செய்துவிட்டு மேலே ஏறி வந்துவிடுவார். "பொகை எங்க போவும்? வேணாம்ப்பா, மேல ஏத்திடு" என்று நாத்தனார் வேலி ஓரத்தில் நின்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே "செய்றேன்க்கா" என்பார். செய்யமாட்டார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்து, எனக்கு அன்று டியூட்டி இல்லாததால், நானும் நாத்தனாரும் மதியம் சாப்பிட உட்கார்ந்தோம்; என் கணவர் அந்த வாரம் வரவில்லை. கரண்ட் இருந்தது, எங்கள் மோட்டார் வேலையை முடித்து நின்றிருந்தது. நான் அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சோற்றைப் பிசைந்த அவர் கை தட்டிலேயே நின்றது.

"பக்கத்துக் கெணத்துல இன்ஜின் ஓடுது பாரு. மூச்சு முட்டுது அதுக்கு."

நான் நிமிர்வதற்குள் எழுந்துவிட்டார். கையைக்கூடக் கழுவவில்லை. கொட்டகைக்குள் நுழைந்து அரிக்கேன் விளக்கையும் பெட்ரோல் கேனையும் எடுத்துக்கொண்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி என்னைப் பார்த்துக் கத்தினார். எதற்கு என்று கேட்க நேரமில்லை. நான் அதை முதுகில் மாட்டிக்கொண்டு செருப்பில்லாமல் அவர் பின்னால் ஓடினேன்.

அந்தக் கிணற்றடியில் எந்தச் சத்தமும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரரின் மனைவி விளிம்பில் குனிந்து, உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பயந்த குரல்கூட இல்லை; சாப்பிடக் கூப்பிடும் குரல்தான். கீழே மேடையில், இன்ஜினுக்குப் பக்கத்தில், அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தார். தலை மட்டும் மார்பில் தொங்கியது. மனைவியின் தம்பி படியில் இறங்கத் தொடங்கியிருந்தான். நாத்தனார் அவன் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தார். அவன் திமிறினான்.

"மாமா சாவுறாரு, வுடு!"

"நீயும் சாவணுமா? வெளக்கப் பாரு மொதல்ல."

ஏற்றிய விளக்கு கயிற்றில் இறங்கியது. பத்தடி போவதற்குள் திரி ஒரு தரம் நீலமாகக் குறுகி, யாரோ ஊதியது போல அணைந்துவிட்டது. காற்றே இல்லை. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்தோம். அந்தப் பையன் அதற்குப் பிறகு திமிறவில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதான்.

ஸ்பிரேயர் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதில் மருந்தைத் தள்ளுவதே காற்றுதான். நாத்தனார் அதன் வாயில், அங்கே கிடந்த நீளமான ரப்பர் ஹோஸைச் செருகித் துணியால் இறுக்கிக் கட்டினார். மறுமுனையைக் கயிற்றில் கட்டி, கீழே மயங்கிக் கிடந்தவர் முகத்துக்கு நேராகத் தொங்கும்படி இறக்கச் சொன்னார். பிறகு டேங்கில் பெட்ரோலை ஊற்றி, ஸ்பிரேயரின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் அது கிளம்பியது. எத்தனையோ வீடுகளில் பத்து இழுப்புக்கும் கிளம்பாமல் கிடக்கும் மிஷின் அது. நான் பல மருத்துவமனைகளில் பலவிதமான கருவிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு இழுப்பைப் போல எதுவும் என்னை அழவைத்ததில்லை.

கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். மறுபடி இறக்கிய விளக்கு அணையாமல் மேடை வரை போனது. நாத்தனார் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினார், பின்னால் அந்தப் பையன். இருவரும் அவருடைய கக்கத்தில் கயிறு கொடுத்துக் கட்ட, அதற்குள் ஓடி வந்திருந்த ஆட்களோடு சேர்ந்து மேலே இழுத்தோம். நாடி இருந்தது. நான் வாயில் வாய் வைத்து ஊதினேன். ஒரு வேன் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனோம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பிழைத்து வந்தார். நாக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகப் புரளும். ஒரு வாக்கியம் முடிக்க நேரமெடுக்கும்.

இதுவரை எல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாததுதான் இனி.

மருத்துவமனையிலிருந்து நான் திரும்பியபோது நாத்தனார் சாப்பிட்ட தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சோறு காய்ந்துவிட்டிருந்தது. கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் மேல கை வெச்சேன்" என்றார். "சூடே இல்ல. ஜில்லுனு இருந்துச்சு. ஹேண்டிலு அவரு கையிலயே கீழ பாத்து இருந்துச்சு. மாட்டவே இல்ல அவரு. மாட்டறதுக்குள்ள மயங்கிட்டாரு."

கிணற்றுக்குள் தேங்கியிருந்த கெட்ட காற்றே அவரைச் சாய்த்திருக்கிறது, இன்ஜின் புகை அல்ல. அவருடைய கரண்ட் மோட்டார் எரிந்துபோய் வைண்டிங் கட்டக் கொடுத்திருந்தார். அதனால்தான் அன்று இன்ஜினைத் தேடிப் போயிருக்கிறார். மற்றவர்களுக்குக் கரண்ட் இருந்ததால் யாருக்கும் இன்ஜின் தேவைப்படவில்லை. நாத்தனார் இதையெல்லாம் ஒவ்வொன்றாக, மிஷினைக் கழற்றிப் பாகங்களைத் துணியில் அடுக்குவது போலச் சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் அதுவரை நான் காணாத ஒன்று இருந்தது.

"நீயும் கேட்டல்ல? இன்ஜின் சத்தம்?"

நான் கேட்கவில்லை. மோர் ஊற்றிய சத்தமும், கூரையில் ஓர் அணில் ஓடிய சத்தமும்தான் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பயந்துபோன நோயாளி எதையாவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வது என் தொழில் பழக்கம்.

"ஆமாக்கா. கேட்டுச்சு" என்றேன்.

அவர் மூச்சு விட்டார். உடம்பு முழுக்க அந்த மூச்சில் தளர்ந்தது. நல்லது செய்துவிட்டேன் என்றே அன்று நினைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் தேடத் தொடங்கினார். எங்கோ ஓர் இன்ஜின் அந்த மதியம் ஓடியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. முதலில் பக்கத்து நிலத்துக்காரரையே கேட்டார். "நீ ஸ்டார்ட் பண்ணியா?" அவர் கஷ்டப்பட்டுத் தலையசைத்து "இல்லக்கா" என்றார். அவர் மனைவியோ எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்று அடித்துச் சொன்னார். பிறகு நாத்தனார் கொல்லை கொல்லையாகப் போனார். நாட்றம்பள்ளிப் பக்கம் வரைக்கும் போனார், அவ்வளவு தூரத்துச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்காது என்று தெரிந்தும். "அந்த ஞாயித்துக்கெழம மத்தியானம் உங்க இன்ஜின் ஓடுச்சா?" என்று கேட்பார். பிறகு ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வேற்று மனிதர்களின் கொட்டகையில், டீசல் புகையில், ஒரு நடுத்தர வயதுப் பெண் அசையாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து "இது இல்ல" என்பார்.

சிலர் அவருக்குக் காத்து கறுப்பு பிடித்துவிட்டதென்றார்கள். கிணற்றுக்குள் இறங்கினபோது ஏதோ ஏறிக்கொண்டது என்றாள் எங்கள் வீட்டில் களை எடுக்க வரும் பெண். ஆனால் அவர் எந்தக் கொட்டகையிலிருந்தும் சும்மா எழுந்து வரவில்லை. கோளாறைக் கேட்ட காது சும்மா இருக்காதே. "நாஸில் அடைச்சிருக்குது, டீசல் ஜாஸ்தி குடிக்கும்" என்று கழற்றிச் சுத்தம் செய்து கொடுப்பார். பெல்ட் கோணலாக ஓடினால் நேர்படுத்துவார். கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டிவிட்டு வருவார். கிணற்றுக்குள் இருந்த இன்ஜின்களை எல்லாம் நின்று மேலே ஏற்றவைத்தார். மூன்று நான்கு வருடத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுக்குள் ஓர் இன்ஜின்கூட இல்லாமல் போயிற்று. நான் சொன்ன பொய்யால் எத்தனை உயிர் தப்பியதோ, எனக்குத் தெரியாது. அவர் தூக்கம் கெட்டது மட்டும் தெரியும். சாப்பிடும்போது கை நடுவில் நின்றுவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிறகு மறுபடி பிசைவார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். சொன்னால், அந்தச் சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது என்றாகிவிடும். தன் காதை நம்பியே வாழ்ந்த ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது? அதைவிட, எனக்கே அதை நினைக்கப் பயமாக இருந்தது. ஓடாத ஓர் இன்ஜின் திணறுவதைக் கேட்டு அவர் எழுந்து ஓடியிருக்கிறார். ஓடிய இடம் சரியாக இருந்திருக்கிறது. நேரமும் சரியாக இருந்திருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்களில் அவருக்கு நுரையீரலில் நோய் வந்தது. நான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே சேர்த்தோம். படுத்த படுக்கையிலும் வார்டு ஆக்ஸிஜன் மிஷினைக் காட்டி "இதுக்கு ஃபில்டர் மாத்தணும், சொல்லு அவங்கள" என்று என்னை அனுப்பினார். மெக்கானிக் வந்து திறந்து பார்த்தபோது ஃபில்டர் கறுத்திருந்தது. அன்று பிற்பகல், வார்டில் பார்வையாளர்கள் போன பிறகு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு எனக்கு எந்தச் சத்தமும் கேக்கல. நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லிட்டேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"ஃபேக்டரில ஒரு பொண்ணு மட்டும் மிஷின்ல சத்தம் வருதுன்னா லைன நிறுத்தமாட்டோம்" என்றார் மெதுவாக. "ரெண்டு பேரு சொல்லணும். அப்பதான் கழட்டிப் பாப்போம். நீ ரெண்டாவது ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் இத்தினி வருசமா."

"மன்னிச்சிடுங்கக்கா."

"இன்னாத்துக்கு? எல்லா இன்ஜினும் நல்லாயிடுச்சில்ல." பிறகு, "இனிமே தேட வேணாம் இல்ல?" என்று கேட்டார். விடுமுறை விட்டாயிற்றா என்று கேட்கும் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது. நான் "வேணாம்க்கா" என்றேன். அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் தூக்கத்தில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து மாதம் ஒன்று இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் ஒருநாள் உச்சி வெயிலில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். தண்ணீர் குடித்தார். பேசுவதற்கு நேரமெடுக்கும் அவருக்கு, நான் காத்திருந்தேன்.

"சிஸ்டர், அக்காகிட்ட ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன்" என்றார். "ஸ்டார்ட் பண்ணியான்னு கேட்டாங்க. பண்ணலன்னேன். அது நெஜந்தானே? ஹேண்டில மாட்டவே இல்ல நான்."

"தெரியுங்க."

"ஆனா மாட்டி, சுத்தி, ஸ்டார்ட் பண்ணிட்ட மாரியே இருந்துச்சு எனக்கு. நல்லாத்தான் ஓடுச்சு மொதல்ல. கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு, அப்பவும் ஓடுது. அப்புறம் திணற ஆரம்பிச்சிது. நின்னுடப் போவுதே, நின்னுடப் போவுதே, யாராவது வந்து பாக்கமாட்டாங்களான்னு..." அவர் நாக்கு அங்கே நின்றது. நெஞ்சைக் கையால் தொட்டுக் காட்டினார். "பைத்தியக்காரத்தனமா இருக்குதேன்னு யாரு கிட்டயும் சொல்லல."

வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அக்காவுக்கு அது கேட்டிருக்குமா சிஸ்டர்?"

"கேட்டுச்சுங்க" என்றேன்.

கரண்ட் வந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டவர் போல அவர் தலையை ஆட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மடை மாற்ற வேண்டுமென்று சொல்லிவிட்டு, வேலி ஓரமாகத் தன் நிலத்துக்கு நடந்து போனார்.